ஜெனரல் பால்பர்: யாருடைய பிரதிநிதி?

காஞ்சீபுரத்திலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் பெருவழியிலே இருக்கிறது ஐயம்பேட்டை. தறியும் கோயிலும் அவ்வூரின் இரு கண்கள். அதே வழியின் மறுமுனையாகிய வாலாஜாபாத்தில் கிழக்கிந்தியக் கும்பெனியார் ஒரு காலத்தில் தங்கள் பட்டாளத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். நெசவாளியும் சிப்பாயும் ஒரே சாலையில் எதிர்ப்பட்ட காலம் அது. ஒருவன் நூலை நம்பிப் பிழைத்தான். மற்றவன் துப்பாக்கியைச் சுமந்து பிழைத்தான். இருவருடைய தலையெழுத்தையும் எழுதியவர்களோ கடலுக்கு அப்பால் லண்டன் மாநகரத்தில் வீற்றிருந்தார்கள்.

அங்ஙனம் வீற்றிருந்தவர்களுள் ஒருவரைப் பற்றி இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் பெயர் சர் ஜார்ஜ் பால்பர். 1917ஆம் ஆண்டில் பாலஸ்தீனப் பிரகடனத்தால் பெயர் பெற்ற ஆர்தர் பால்பர் வேறு; இவர் வேறு. இவர் சென்னைப் பட்டாளத்தில் பீரங்கிப் படை உத்தியோகஸ்தராய்ச் சேர்ந்து, ஜெனரல் பதவி வரை உயர்ந்து, பிறகு இருபது ஆண்டுக் காலம் பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் அங்கத்தினராய் இருந்தவர். கிளைவைப்போல் இவர் பெயரைச் சொன்னவுடன் நம் நெஞ்சு கொதிப்பதில்லை. இவர் கொடியவர் அல்லர். நம் நாட்டை அறியாதவரும் அல்லர். அதனாலேயே இவருடைய வாழ்க்கையை ஆராய வேண்டுமென்கிறோம். கொடியவரின் ஆட்சியைக் கண்டிப்பது எளிது. நல்லெண்ணமும் அறிவும் உடைய ஒருவர் அவ்வாட்சிக்குள் இருந்தும் நமக்கு என்ன பயன் விளைந்தது என்று கணக்குப் பார்ப்பதே அரசியல் தொண்டருக்கு வேண்டிய கல்வி.

பால்பர் 1809ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து தேசத்து மாண்ட்ரோஸ் நகரில் பிறந்தார். தந்தையார் கும்பெனியின் கப்பல் உத்தியோகத்தில் இருந்தவர். தாயார், பார்லிமெண்டில் சர்க்கார் செலவுக் கணக்குகளை வரி வரியாகக் கிளறிக் கேள்வி கேட்டுப் புகழ்பெற்ற ஜோசப் ஹ்யூமின் சகோதரி. அந்த ஹ்யூமும் வங்காளத்தில் கும்பெனியின் வைத்தியராய் இருந்து பொருள் ஈட்டித் திரும்பிய பிறகே அரசியலில் இறங்கியவர். ஆகவே கும்பெனி உத்தியோகத்தை ஏணியாக வைத்துப் பார்லிமெண்டுக்கு ஏறுவது அக்குடும்பம் முன்னமே அறிந்த வழி. கும்பெனியார் தங்கள் இராணுவ உத்தியோகஸ்தர்களைப் பழக்குவதற்கென்று நடத்திய ஆடிஸ்கம் கல்லூரியில் கற்று, 1825ல் சென்னைப் பீரங்கிப் படையில் சேர்ந்தார் இளைஞர் பால்பர்.

1832–33ல் மலாக்கா, 1839ல் கர்நூல். கர்நூல் நவாபின் ஆட்சி பிடுங்கப்பட்ட அந்தப் படையெடுப்பில், ஜோராபூர்ச் சண்டையில் அவர் இருந்தார். அடுத்து வந்தது சீனத்துடன் நடந்த அபினி யுத்தம். இந்திய மண்ணில் விளைந்த அபினியைச் சீனர் தலையில் கட்டுவதற்காக நடந்த அந்த யுத்தத்தில் சென்னைப் பட்டாளமும் ஈடுபடுத்தப்பட்டது. 1841ஆம் ஆண்டு மே மாதம் 30ந் தேதி, காண்டன் நகருக்கு வெளியே, சென்னை 37வது காலாட்படையின் ஒரு கம்பெனிச் சிப்பாய்கள் பெருமழையில் வழி தவறினர். துப்பாக்கிகள் நனைந்து வெடியாமற் போயின. ஆயிரக்கணக்கான கிராமத்தார் சூழ்ந்துகொள்ள, துப்பாக்கி முனைக் கத்தியை மட்டும் நம்பி, உதவி வரும்வரை அவர்கள் நின்றார்கள். தென்னாட்டுச் சிப்பாய்க்குச் சீனக் குடியானவனிடம் என்ன பகை? அச்சீனனுக்குத்தான் நம்மவனிடம் என்ன பகை? இருவரையும் அந்தச் சேற்றிலே எதிரெதிராக நிறுத்தியது லண்டனில் தீர்மானிக்கப்பட்ட ஒரு காரியம். அத்தீர்மானத்தில் இருவருக்கும் பங்கில்லை.

பால்பர் இந்த யுத்தத்தில் சென்னைப் படைகளின் நிர்வாக உத்தியோகஸ்தராய்ப் பணிபுரிந்தார். 1842ல் நான்கிங் உடன்படிக்கை நிறைவேறியது. சீனம் 210 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும்; அதில் 60 லட்சம், சீன அதிகாரிகள் பறிமுதல் செய்து அழித்த அபினிக்கு விலை! ஐந்து துறைமுகங்களும் பிரிட்டிஷ் வியாபாரிகளுக்குத் திறக்கப்பட வேண்டும். அவற்றுள் ஒன்றாகிய ஷாங்காய்க்கு முதல் பிரிட்டிஷ் கான்ஸலாக அனுப்பப்பட்டவர் நம் சென்னைக் காப்டன் பால்பரே. 1843ஆம் ஆண்டு நவம்பர் 17ந் தேதி அவர் அத்துறைமுகத்தைத் திறந்தார். 1845ல் அவ்வூர்ச் சீன அதிகாரியுடன் பேசி, அன்னியர் குடியிருக்க நில ஏற்பாடு ஒன்றை வகுத்தார். ஆற்றங்கரைச் சேற்று நிலத்தில் அன்று போட்ட எல்லைக்கல்லிலிருந்து வளர்ந்ததுதான், பிற்காலத்தில் சீனரின் நாட்டுக்குள்ளேயே சீனரின் ஆட்சிக்கு அடங்காமல் நின்ற ஷாங்காய் அன்னியர் குடியேற்றம். 1943ல் பிரிட்டிஷார் அவ்வுரிமையைக் கைவிடும்வரை அது நீடித்தது. பால்பர் கண்ணியமாக நடந்துகொண்ட கான்ஸல் என்றே பெயர் வாங்கினார். கண்ணியமான கை நட்ட விதையும் விஷவிருட்சமாக முளைக்கக் கூடும் என்பதற்கு இது சாட்சி.

1846ல் ஷாங்காய்ப் பதவியை விட்டு, சில ஆண்டுகளில் அவர் மறுபடியும் சென்னைக்கு வந்தார். இதற்குப் பின் வரும் பகுதியே அவருடைய வாழ்க்கையில் நமக்கு நெருங்கியது. சென்னை மாகாணத்தின் மராமத்து வேலைகள் எந்நிலையில் இருக்கின்றன என்று விசாரிக்கக் கும்பெனியார் ஒரு கமிஷன் நியமித்தார்கள். அதில் பால்பர் ஓர் அங்கத்தினர். கோதாவரி அணை கட்டிய ஆர்தர் காட்டனின் சகோதரராகிய பிரடரிக் காட்டன் மற்றோர் அங்கத்தினர். சிவில் உத்தியோகஸ்தர் போர்டிலன் மூன்றாமவர். 1852ல் அறிக்கை எழுதி முடித்தார்கள். இந்நாட்டில் நீர்ப்பாசனத்துக்குச் செலவிடும் பணம் வீண்போகாது, வருமானமாகத் திரும்பி வரும். ஆயினும் சர்க்கார் அதற்குச் செலவிடுவது வாங்கும் வரியில் மிகச் சிறு பங்கே என்று கணக்குகளோடு எடுத்துக் காட்டினார்கள். மூன்று மாகாணங்களிலும் நடந்த இத்தகைய விசாரணைகளின் பயனாகவே மராமத்து, போர்டுகளின் கையிலிருந்து பிரிந்து தனி இலாகாவாயிற்று.

ஏரிகளைப் பற்றி அக்காலத்தில் எடுத்த கணக்கொன்று உண்டு. சென்னை மாகாணத்தின் 14 ஜில்லாக்களில் 53,000 ஏரிகள். அவற்றில் 43,000 பயன்பட்டு வந்தன. 10,000 பாழ்பட்டுக் கிடந்தன. ஐந்தில் ஒன்று பாழ்! இவற்றை வெட்டியவர்கள் கும்பெனியார் அல்லர். பல்லவரும் சோழரும் நாயக்கரும் ஊர்ப்பொதுவும் வெட்டியவை. ஐயம்பேட்டையைச் சூழ்ந்த பழைய செங்கற்பட்டு ஜில்லா ஏரி ஜில்லா என்றே பெயர் பெற்றது. பாலாற்றில் வெள்ளம் சில நாள் ஓடும். பல மாதம் மணலாய்க் கிடக்கும். ஏரி நிரம்பினால் உழவனுக்கு நெல். உழவனிடம் நெல் இருந்தால் நெசவாளிக்கு விற்பனை. கலியாணத்துக்குச் சேலை வாங்குகிறவன் அறுவடை கண்டவன்தானே! ஆகவே ஏரிக்கரை உடைந்தால் முதலில் சாய்வது பயிர். அடுத்துச் சாய்வது தறி. இந்தத் தொடர்பைக் கண்ணால் கண்டு, ஏட்டில் எழுதி, கையொப்பமிட்ட உத்தியோகஸ்தர்களுள் பால்பர் ஒருவர் என்பதை மறவாதிருப்போம்.

அவருடைய குடும்பத்துக்கும் நம் நாட்டுக்கும் உள்ள தொடர்பு இத்துடன் நிற்கவில்லை. அவர் தம்பி எட்வர்ட் பால்பர் சென்னையில் வைத்தியர். எழும்பூர்ப் பொருட்காட்சிச் சாலைக்கு 1851ல் முதல் தலைவராய் அமர்ந்து அதனை வளர்த்தவரும், இந்தியாவைப் பற்றிய கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொகுத்தவரும் அவரே. பெண்கள் சென்னை வைத்தியக் கல்லூரியில் சேர்ந்து கற்க 1875ல் வழி பிறந்ததற்கும் அவர் ஆதரவு துணை செய்தது. ஜார்ஜ் பால்பரோ 1848ல் தம் மாமன் ஜோசப் ஹ்யூமின் மகளை மணந்துகொண்டார். அப்பெண்மணியின் சகோதரர் யார் தெரியுமா? 1885ல் இந்திய தேசிய காங்கிரஸ் பிறப்பதற்கு முன்னின்று உழைத்த ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம்! ஒரே வீட்டில் மைத்துனர் இருவர். ஒருவர் இந்தியாவைப் பற்றி லண்டன் பார்லிமெண்டில் பேசச் சென்றார். மற்றவர் இந்தியரே தங்களைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு மகாசபை வேண்டும் என்று இங்கே பாடுபட்டார். இவ்விரு வழிகளில் எது பயன் தந்தது என்பதே நம் கட்டுரையின் கேள்வி.

1857ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் இந்தியாவின் இராணுவச் செலவு மலைபோல் உயர்ந்தது. அதனைச் சுருக்க ஏற்பட்ட இராணுவ நிதிக் கமிஷனில் பால்பர் முதலில் அங்கத்தினராயும் பிறகு தலைவராயும் 1862 வரை இருந்தார். இங்கிலாந்துக்குத் திரும்பியபின் யுத்த இலாகாவிலும் உத்தியோகம் பார்த்தார். 1870ல் சர் பட்டம் பெற்றார். பீரங்கி, துறைமுகம், ஏரி, கணக்கு ஆகிய நான்கையும் அறிந்த அம்மனிதர் 1872ல் ஸ்காட்லாந்தின் கின்கார்டின் ஜில்லாவில் லிபரல் கட்சியின் சார்பில் பார்லிமெண்டு அங்கத்தினரானார். 1892 வரை அத்தொகுதி அவரிடமே இருந்தது.

காமன்ஸ் சபையில் இந்தியாவைப் பற்றிய விவாதம் எப்படி நடக்கும் என்பதை நேயர்கள் அறிவார்கள். ஆண்டுக்கு ஒரு முறை, கூட்டம் முடியுந் தறுவாயில், அங்கத்தினர்கள் வேட்டைக்கும் விடுமுறைக்கும் புறப்பட்டுவிட்ட பிறகு, காலியான ஆசனங்களுக்கு முன்பு இந்திய வரவு செலவுக் கணக்கு படிக்கப்படும். இருபது கோடிக்கு மேற்பட்ட மக்களின் வரிப்பணம் இரண்டொரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அந்தக் காலி ஆசனங்களிடையே அமர்ந்திருந்த சிலருள் பால்பர் ஒருவர். இந்தியப் பட்டாளத்தைப் பற்றியும் நிதியைப் பற்றியும் அவர் பல முறை பேசினார். 1875ல், இந்தியாவில் வாணிகத்துக்கும் உப்புக்கும் தடை இருக்கலாகாது என்று வற்புறுத்தும் எழுத்துக்களைத் தொகுத்த நூலொன்று அவர் முன்னுரையுடன் வெளிவந்தது.

உப்பு! இச்சொல்லைக் கேட்டவுடன் தமிழருக்கு 1930ஆம் ஆண்டும், திருச்சியிலிருந்து வேதாரணியம் நோக்கி நடந்த தொண்டர் படையும் நினைவுக்கு வரும். அதற்கு 55 ஆண்டு முன்னரே ஓர் ஆங்கில ஜெனரல் உப்பு வரி தகாது என்று எழுதியிருக்கிறார் என்றால், மகிழ்ச்சியடைய வேண்டாமா? அடையலாம், ஆனால் அரை மகிழ்ச்சிதான். அதே மூச்சில் அவர் வாணிகத்துக்கும் தடை கூடாது என்கிறார். வரியில்லாத உப்பு ஏழையின் கஞ்சிக்கு நன்மை. வரியில்லாத வாணிகமோ, லங்காஷயர் ஆலைத் துணி நம் சந்தையில் தடையின்றிப் புகுவதற்கு வழி. உப்பிலும் லிவர்ப்பூல் வியாபாரிக்கு ஒரு கண் இருந்தது. வங்காளத்துக்குக் கப்பல் கப்பலாக உப்பை ஏற்றியவன் அவன். நம் நன்மையும் அவர்கள் ஆதாயமும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டிருந்தன. மூட்டையை அவிழ்த்து இது வேண்டும், இது வேண்டா என்று தெரிந்தெடுக்கும் உரிமை மட்டும் நமக்கு இல்லை.

பின்பு நடந்ததைப் பாருங்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. தென்னாட்டில் மாண்டவர் தொகை 50 லட்சத்துக்கு மேல் என்று கணக்கிடப்பட்டது. பஞ்ச வேலைக்கு வந்தவனுக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று விதித்தார் சர் ரிச்சர்ட் டெம்பிள். அந்தப் பஞ்சம் தணியுமுன்னே சென்னை மாகாணத்தில் உப்பு வரி மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக உயர்த்தப்பட்டது. மறுபுறம், 1877ல் காமன்ஸ் சபை இந்தியாவில் ஆலைத் துணி மீதுள்ள இறக்குமதி வரியை எடுக்க வேண்டுமென்று தீர்மானம் செய்தது. 1879ல் லிட்டன் பிரபு தம் நிர்வாக சபையின் பெரும்பான்மையோர் கருத்தையும் தள்ளிவிட்டு வரியைக் குறைத்தார். 1882ல் அது பெரும்பாலும் ஒழிந்தது. பால்பர் கேட்ட இரண்டில் உப்பு கிடைக்கவில்லை, வாணிகம் கிடைத்தது. எந்தக் கோரிக்கைக்குப் பின்னால் வாக்காளர் இருந்தார்களோ அது நிறைவேறியது. எதற்குப் பின்னால் வெறும் நியாயம் மட்டும் நின்றதோ அது வீழ்ந்தது.

இதில் பால்பரைக் குறை சொல்லுவதற்கு இல்லை. அவரை அனுப்பியவர்கள் கின்கார்டின் உழவரும் மீனவரும். அவர் உப்பைப் பற்றிப் பேசாதிருந்தாலும் அவர்கள் கேட்கப்போவதில்லை, பேசினாலும் மெச்சப்போவதில்லை. ஐயம்பேட்டை நெசவாளி அவரை மெச்சவும் முடியாது, விலக்கவும் முடியாது. அவர் நம் ஏரிகளைக் கண்டவர். நம் கணக்குகளை எழுதியவர். எனினும் நம் பிரதிநிதி அல்லர். பிரதிநிதி என்பவன் நம்மை அறிந்தவன் மட்டுமல்லன், நம்மால் நீக்கத்தக்கவன். அந்தப் பயம் இல்லாத இடத்தில் நல்லெண்ணம் தர்மம்போல் நடக்கும். கொடுத்தால் உண்டு, கொடாவிட்டால் இல்லை.

இதனை நம் முன்னோர் உணர்ந்துகொண்டார்கள். 1885ல் பிரிட்டிஷ் வாக்காளரிடம் நேரிலே முறையிட மூவர் சென்றனர். சென்னையின் சார்பில் சென்றவர் சேலம் இராமசாமி முதலியார். அவ்வாண்டு இறுதியில் பம்பாயில் கூடிய முதற் காங்கிரஸில் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் நம் ஜி. சுப்பிரமணிய ஐயர். இந்திய நிர்வாகத்தை விசாரிக்க ஏற்படும் கமிஷனில் இந்தியருக்கும் இடம் வேண்டும் என்றார் அவர். 1892ல் பால்பர் பார்லிமெண்டை விட்டு விலகினார். அதே தேர்தலில் லண்டன் மத்திய பின்ஸ்பரித் தொகுதியில் ஐந்தே வாக்கு மிகுதியால் வென்று காமன்ஸ் சபைக்குள் நுழைந்தார் தாதாபாய் நௌரோஜி. இந்தியாவை அறிந்த ஆங்கிலேயர் ஒருவர் வெளியேறினார். இந்தியர் ஒருவர் உள்ளே வந்தார். ஆயினும் தாதாபாயையும் அனுப்பியவர்கள் லண்டன் வாக்காளரே! ஆள் மாறினால் போதாது, அனுப்புகிறவர்களும் மாறவேண்டும் என்பதை நாடு கற்றுக்கொள்ள இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பால்பர் 1894ல் காலமானார். உப்பு வரி 1947ல்தான் ஒழிந்தது.

இன்று ஐயம்பேட்டை நெசவாளியிடம் வாக்குச் சீட்டு இருக்கிறது. ஊராட்சிக்கும் சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் ஆளை அனுப்புகிறவன் அவனே. பிடிக்காவிட்டால் திருப்பி அழைத்துக்கொள்ள அடுத்த தேர்தல் இருக்கிறது. பால்பருக்கு இல்லாத அதிகாரம் இன்றைய பிரதிநிதிக்கு உண்டு. ஆனால் பால்பருக்கு இருந்த அறிவு அவருக்கு உண்டா? தம் தொகுதியில் எத்தனை ஏரி, எத்தனை மதகு பழுது, எத்தனை தறி ஓடுகிறது, எத்தனை தறி மடக்கி வைக்கப்பட்டது, நூல் விலை என்ன, கூலி என்ன என்று கணக்குச் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? அன்று அறிவுக்கு ஆணை இல்லாததால் மக்கள் மடிந்தார்கள். ஆணைக்கு அறிவு இல்லாவிட்டால் அதன் தீமையும் மக்கள் தலையிலேதான் விடியும்.

அரசியல் தொண்டர்களுக்கு நாம் கூறுவது இதுதான். மேடைக்குப் போகுமுன் ஏரிக்கரைக்குப் போங்கள். பிறநாட்டுப் பீரங்கிப் படைக்காரர் ஒருவர் கூலிக்காகச் செய்த வேலையை, சொந்த நாட்டுக்காக நாம் செய்ய வெட்கப்பட வேண்டியதில்லை. மதகுகளை எண்ணுங்கள், தறிகளை எண்ணுங்கள், எண்ணியதை எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கோடு உங்கள் பிரதிநிதியின் வீட்டு வாயிலில் நில்லுங்கள். அவர் பதில் சொல்லியே தீரவேண்டும். கின்கார்டின் ஜில்லாவுக்கன்று, ஐயம்பேட்டைக்கு.